ட்ரில்: கவாத்தா, துளையா, சம்பவமா?

ட்ரில் என்றதும் நமக்கு முதலில் பள்ளிக்கூட மைதானம்தான் ஞாபகம் வரும். வெயிலில் வரிசையாக நிற்க வைத்து விசில் ஊதும் ட்ரில் மாஸ்டர். அடுத்து, சுவரில் ஓட்டை போடும் மெஷின். தெருப் பகையைப் பாடும் ராப் வகை ஒன்றுக்கும் ட்ரில் என்றுதான் பெயர். அந்த வகையைப் பாடும் சிகாகோ பாடகர் ஒருவரின் வழக்கைப் பற்றிய காணொளி ஒன்றை அண்மையில் பார்த்தேன். கீழே ஓடிய தமிழ் வரிகளில் அவரைத் 'துரப்பணப் பாடகர்' என்று போட்டிருந்தார்கள். துரப்பணம் என்பது தச்சர்கள் மரத்தில் துளை போடும் கருவி. நல்ல பழைய தமிழ்ச் சொல்தான். ஆனால் அந்த வரியைப் படித்தவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே விளங்கியிருக்காது. இந்தச் சொல்லுக்குள் இருபது வயதைத் தாண்டாமல் செத்துப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை இப்படி எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை.

முதலில் சொல்லின் வேர். ஆங்கிலத்துக்கு இது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ட்ரில்லென்' என்றால் சுழற்று, துளையிடு. சுழன்று துளைக்கும் கருவிக்கும் அதே பெயர். படைவீரர்களைத் திரும்பு, சுற்று, நில் என்று பழக்குவதற்கும் அதே பெயர். இந்த இரண்டாவது பொருளுக்குத் தமிழில் கவாத்து என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. உருது வழியாக வந்த சொல் அது. போலீஸ் மைதானத்தில் இன்றும் கவாத்துதான். (தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்து செடியை வெட்டிவிடுவது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'மாக் ட்ரில்' என்றால் ஒத்திகை. ட்ரில் துணி வேறு கதை, மூன்று இழை என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இவை எதுவும் சிகாகோ தெருவில் புழங்கிய ட்ரில் இல்லை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒருவனைத் துப்பாக்கியால் சுடுவதற்கு ட்ரில் என்று சொல்வது பழைய வழக்கம். தோட்டா துளைக்கிறதல்லவா, அதுதான் காரணம். சிகாகோவின் தெற்குப் பகுதியில் அது இன்னும் குறுகி, எதிர்த்தரப்பு ஆளை அடிப்பது, பழிக்குப் பழி வாங்குவது என்ற பொருளுக்கு வந்தது. பாட்டுக்குள் இதைக் கொண்டுவந்தவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் பேக்மேன் என்ற உள்ளூர்ப் பாடகர். 2010-இல் 'இட்ஸ் எ ட்ரில்' என்று பாடினார். அதே ஆண்டில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு இசை வகைக்குப் பெயர் வந்த விதமே இப்படி.

அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் சீஃப் கீஃப், நான் பார்த்த காணொளியில் வந்தவர். இயற்பெயர் கீத் கோசார்ட், பிறந்தது 1995 ஆகஸ்டில். பாட்டி வளர்த்த பிள்ளை. பதினைந்து வயதில் படிப்பை விட்டார். 2011 டிசம்பரில் போலீஸ்காரர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதாகக் கைது செய்யப்பட்டபோது வயது 16. வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிப் பாட்டி வீட்டிலேயே அடைத்து வைத்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஐ டோன்ட் லைக்' பாட்டின் காணொளி 2012 மார்ச்சில் வந்தது. செட் கிடையாது, நடனக்காரர்கள் கிடையாது. வெற்றுச் சுவர் கொண்ட ஒரு வீட்டு அறை. சட்டை போடாத பத்துப் பதினைந்து பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, சடைமுடி பறக்க எம்பி எம்பிக் குதிக்கிறார்கள். பிடிக்காதவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. அவர்கள் சிரிப்பதையும் பார்க்கலாம். மே மாதத்தில் புகழ்பெற்ற ராப் பாடகர் கன்யே வெஸ்ட் அதே பாட்டை மறுபடி செய்து வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் இன்டர்ஸ்கோப் இசை நிறுவனம் வழியாக முதல் ஆல்பமும் வந்துவிட்டது. வெளியே காலடி வைக்க முடியாத ஒரு பையனின் குரல் பத்து மாதத்தில் நாடு முழுக்கக் கேட்டது.

இவர்களைப் பற்றிய பேச்சில் வரும் 'கும்பல் தொடர்பு' என்ற சொல்லையும் இங்கே கவனமாக வைக்க வேண்டும். கீஃபின் வட்டம் பிளாக் டிசைப்பிள்ஸ் என்ற பழைய கும்பலின் வழிவந்தது. ஆனால் 2010-க்குள் அந்தப் பழைய அமைப்பு உடைந்துவிட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் போன்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சிகாகோ வீட்டுவசதி ஆணையம் இடித்துத் தள்ளியது; அங்கிருந்த குடும்பங்கள் தெற்குப் பகுதி முழுக்கச் சிதறின. மிஞ்சியவை தெருவுக்குத் தெரு ஒரு சின்னக் கூட்டம். நம் ஊரில் 'எங்க ஏரியா பசங்க' என்று சொல்கிறோமே, அந்த அளவு. ஒவ்வொரு கூட்டமும் செத்துப்போன நண்பனின் பெயரைத் தன் இடத்துக்கு வைத்துக்கொண்டது. பார்க்வே கார்டன்ஸ் குடியிருப்பை ஓ-பிளாக் என்று சொல்வது, 2011-இல் கொல்லப்பட்ட இருபது வயது ஓடி பெர்ரியின் பெயரால். மிஷேல் ஒபாமா கைக்குழந்தையாக இருந்ததும் அதே குடியிருப்பில்தான். ஆகவே 'கேங்' என்று வரும் எல்லா இடத்திலும் மாஃபியா கும்பல் என்று எழுதினால் பொருள் பிசகும். கூட்டம், தெருக்கூட்டம் என்பதே பொருந்தும். அவர்கள் 'ஆப்' என்று சுருக்கிச் சொல்வது எதிராளியை.

2012 செப்டம்பர் 4-ஆம் தேதி லில் ஜோஜோ என்ற 18 வயதுப் பாடகர் சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கீஃபின் கூட்டத்தைத் தாக்கிப் பாடியவர் அவர். அவரது சாவைக் கேலி செய்து கீஃபின் ட்விட்டர் கணக்கில் ஒரு பதிவு வந்தது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டதாகக் கீஃப் சொன்னார். போலீஸ் விசாரித்தது, அந்தக் கொலைக்காக அவர்மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. அவர் சிறைக்குப் போனது வேறு காரணத்துக்காக. துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் பேட்டி கொடுத்தபோது கையில் துப்பாக்கி வைத்திருந்தார். பழைய துப்பாக்கி வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர் அதைத் தொடக் கூடாது. அந்தக் காணொளியே சாட்சியாகி, 2013 ஜனவரியில் இளைஞர் சிறையில் 60 நாள் தண்டனை கிடைத்தது.

அப்புறம் அவர் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். ஊரில் பிடிவாரண்டுகள் இருந்ததால் திரும்ப முடியவில்லை. 2015 ஜூலையில், எல்லை தாண்டி இந்தியானா மாநிலத்தின் ஹேமண்ட் நகரத்து மேடையில் ஒளியுருவாக (ஹாலோகிராம்) தோன்றி ஒரு பாட்டுப் பாடினார். ஆள் கலிபோர்னியாவில், உருவம் மட்டும் மேடையில். வன்முறைக்குப் பலியானவர்களுக்கு உதவத் திட்டமிட்ட நிகழ்ச்சி அது. போலீஸ் வந்து அதையும் நிறுத்தியது. ஒரு ஒளியுருவத்தைக் கூட மேடையைவிட்டு இறக்க வேண்டும் என்று ஒரு நகரம் நினைத்தது என்றால், இந்தச் சொல்லுக்கு ஏறியிருந்த பயம் எவ்வளவு என்று பாருங்கள். 2024-இல்தான் சிகாகோவை ஒட்டிய பிரிட்ஜ்வியூவில் ஊர்க்காரர்கள் முன்னால் நேரில் பாடினார்.

சொல் கடல் தாண்டியது. லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதிப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு, தாளத்தை வேகமாக்கி, அடித்தொனியை வழுக்கி ஓட விட்டார்கள். அங்கே சொல்லோடு சட்டமும் சேர்ந்தது. 2018-இல் டிகா டி என்ற மேற்கு லண்டன் பாடகர்மேல் நீதிமன்றம் ஒரு நடத்தைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. அப்போது அவருக்கு 18 கூட ஆகவில்லை. காணொளி வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைப்போடு. நீதிமன்றத் தடையாணையை மீறி ஒரு பாட்டை மேடையில் பாடியதுதான் குற்றம். யாரையும் அடித்ததற்காக அல்ல, பாடியதற்காக. எனக்கு இது சரியாகப் படவில்லை. பாட்டில் வரும் 'நான்' எல்லாம் வாக்குமூலம் ஆகாது. கலிபோர்னியா 2022-இல் கொண்டுவந்த சட்டம் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டு, பாட்டு வரிகளைச் சாட்சியாக வைப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

லண்டன் தாளம் யூடியூப் வழியாக நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனது. 808மெலோ என்ற லண்டன்காரரின் தாளத்தில் பாடிய புரூக்ளின் பாடகர் பாப் ஸ்மோக், 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டில் திருடப் புகுந்தவர்களால் கொல்லப்பட்டார். வயது 20.

சரி, தமிழில் என்ன சொல்வது?

பொருளளவில் இதற்கு மிக நெருக்கமான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சம்பவம். 'சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்' என்று பத்திரிகை எழுதும் சாதுவான சொல்லை, சென்னை ரவுடி வழக்கு எடுத்துக்கொண்டது. 'சம்பவம் பண்ணிட்டாங்க' என்றால் ஆளை முடித்துவிட்டார்கள். அங்கிருந்து அது ரசிகர்களிடம் போய், இன்று ஒரு பேட்ஸ்மேன் வெளுத்து வாங்கினாலும் சம்பவம்தான். சிகாகோவிலும் அச்சு அசலாக இதே நடந்தது. கொலைக்குச் சொன்ன ட்ரில், போகப்போக அமர்க்களமாகச் செய்யும் எதற்கும் ஆனது. பாட்டு வரியிலோ பேச்சிலோ ட்ரில் வினையாக வந்தால், சம்பவம் பண்ணுவது என்று மொழிபெயர்ப்பதே சரி என்பேன். வாசகருக்கு அது உடனே உறைக்கும்.

ஆனால் இசை வகைக்குப் பெயராகச் சம்பவம் நிற்காது. வடமொழிச் சொல் என்பதும் சிலருக்குத் தடை. துளையிசை என்றும் வைக்க முடியாது. புல்லாங்குழலும் நாகசுரமும் துளைக்கருவிகள், அந்தப் பெயர் ஏற்கெனவே அவற்றுக்குப் போய்விட்டது. நான் முன்வைப்பது துளைப்பாட்டு. தோட்டா துளைக்கும், பார்வை துளைக்கும், கேள்வி கேட்டே துளைத்து எடுப்பார்கள். ட்ரில்லின் வேரும் துளைதான், தெருப்பொருளும் துளைதான். ராப்புக்குச் சொல்லிசை என்ற பெயர் நிலைத்துவிட்டதால், பாடுபவரைத் துளைப்பாட்டுச் சொல்லிசைஞர் என்று சொல்லலாம். அது பழகும்வரை ட்ரில் என்றே எழுதிவிட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

அந்தக் காணொளியின் வரியை நான் இப்படி மாற்றுவேன்: 'தெருக்கூட்டப் பகையைப் பாடும் ட்ரில் வகைச் சொல்லிசைஞர், கையில் துப்பாக்கி வைத்துப் பேட்டி கொடுத்ததற்காக 60 நாள் இளைஞர் சிறைக்கு அனுப்பப்பட்டார்.'