இருட்டில் குறி பார்க்கும் முன் கண்ணைப் பாருங்கள்

இலங்கை மலையகத்து அட்டனில் கண் பரிசோதனை செய்யும் எனக்குத் துப்பாக்கியோடு நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும் பண வண்டிகளோடு செல்லும் காவலர்களும், உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வர்த்தகர்களும், ஓய்வுபெற்ற படையினரும் கண்ணாடி மாற்ற வரும்போது, இரவில் குறி தெரியவில்லை என்றும், ஒளிரும் குறிமுனை பொருத்தினால் சரியாகிவிடுமா என்றும் கேட்பதுண்டு. சிலருக்குச் சரியாகும். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெரும்பாலானோருக்கு முதலில் கண்ணாடியை மாற்ற வேண்டும். அதன் பிறகே குறிமுனையைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு.

கைத்துப்பாக்கியில் குறி பார்ப்பதென்பது, பின்னாலுள்ள காடி, முன்னாலுள்ள முனை, அதற்கப்பால் இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்துவதாகும். கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும் என்பதால், முன்முனையைத் தெளிவாகப் பார்க்கும்படி பயிற்றுநர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையை நீட்டிப் பிடிக்கும்போது அந்த முனை கண்ணிலிருந்து ஏறக்குறைய 65 முதல் 75 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். வாசிப்புக் கண்ணாடியோ 40 சென்டிமீட்டர் அளவில் பத்திரிகை படிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. எனவே அதை அணிந்தால் முனையும் மங்கும், இலக்கு அதைவிட மோசமாக மங்கும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்த காவலர் ஒருவரிடம் கையை நீட்டிப் பேனா நுனியைப் பார்க்கச் சொன்னேன். அவர் மோவாயை மேலே தூக்கி, கண்ணாடியின் கீழ்ப் பகுதியால் எட்டிப் பார்த்தார். அப்போதும் நுனி தெளியவில்லை. இரவுப் பணியில் அப்படித் தலையை அண்ணாந்தபடி யாரால் நிற்க முடியும்? கை நீளத் தூரத்துக்கென்று தனியாக அளவெடுத்த வில்லை அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இருட்டு இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் சிறு பார்வைக் குறைகள் வெளியே தெரிவதில்லை. இரவில் அது விரிந்ததும் அரை டயாப்டர் (வில்லையின் வலுவை அளக்கும் அலகு) குறைகூட மங்கலாக வெளிப்பட்டுவிடும். மங்கிய கண்ணுக்கு, முன்முனையில் ஒன்றும் பின்காடியில் இரண்டுமாக ஒளிரும் மூன்று புள்ளிகளும் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், எது முன்முனை, எது பின்காடி என்ற தடுமாற்றம் ஏற்படும். ஆகவே மூன்று புள்ளியும் ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் உள்ள வகையை நான் விரும்புவதில்லை. முன்முனை பச்சையாகவும் பிரகாசமாகவும் இருந்து, பின்காடி வெறும் கறுப்பாகவோ மங்கிய வேறு நிறமாகவோ இருப்பது வயது ஏறிய கண்ணுக்கு ஏற்றது. பச்சையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மங்கிய ஒளியில் நம் கண்ணின் உணர்திறன் 507 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில், நீலப்பச்சைப் பகுதியில் உச்சம் பெறுகிறது. சிவப்பு அந்நேரத்தில் மிகவும் பின்தங்கிவிடும். சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதில் பிறவிக் குறையுள்ள ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்; அவர்கள் நிறத்தை நம்பாமல் பிரகாச வேறுபாட்டை நம்பியே தெரிவு செய்ய வேண்டும்.

ஒளிரும் குறிமுனைகளிலும் வகைகள் உண்டு. ஒளியிழை பதித்தவை சுற்றியுள்ள வெளிச்சத்தைத் திரட்டிக் காட்டுபவை என்பதால் பகலுக்கு அழகு, கும்மிருட்டுக்கு உதவாது. ஒளிரும் பூச்சு கொண்டவற்றுக்கு முன்கூட்டியே வெளிச்சம் ஊட்ட வேண்டும். உறைக்குள் சில மணி நேரம் கிடந்த பிறகு அவற்றை நம்புவது கடினம். டிரிட்டியம் வாயு அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழாய்கள் மட்டுமே மின்கலமும் வெளிச்சமும் இல்லாமல் தாமாக ஒளிர்பவை. டிரிட்டியம் ஐதரசனின் கதிரியக்க வடிவம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். 2005இல் நிரப்பிய குழாயில் 2025இல் மூன்றில் ஒரு பங்கு வாயுகூட எஞ்சியிருக்காது. டிரிட்டியத்தின் கதிர் பட்டு ஒளிரும் குழாயின் உட்பூச்சும் கூடவே நலிவடையும். பழைய துப்பாக்கியை வாங்குபவர்கள் குறிமுனையின் தயாரிப்பு ஆண்டைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. டிரிட்டியம் வெளியிடும் பீட்டாக் கதிர் குழாயின் கண்ணாடிச் சுவரைத் தாண்டாது. குழாய் உடைந்தால் அதைத் தொடாமல், அறையின் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். இலங்கையில் கதிரியக்கப் பொருள்கள் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆகவே இணையத்தில் பார்த்ததைத் தபாலில் வரவழைக்கும் முன், அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவையிடமும் உரிமம் வழங்கிய அதிகாரியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கலத்தில் இயங்கும், சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் செம்புள்ளிக் கருவியில் இலக்கையே பார்த்தால் போதும் என்பதால், வெள்ளெழுத்து (வயதால் கிட்டத்துப் பார்வை மங்குவது) உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கண்ணாடியால் திருத்தப்படாத சிதறல் பார்வை (கண்ணின் வளைவு சீரற்றிருப்பதால் வரும் குறை) உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி வால் முளைத்தது போலவோ நட்சத்திரமாகவோ தெரியும். கருவி பழுதென்று திருப்பிக் கொடுக்கும் முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளலாம். மேலும், நம் ஊர் மூடுபனியில் அதன் கண்ணாடி ஈரம் கோத்துக்கொள்வதையும் மறந்துவிடக் கூடாது.

இவற்றில் எதுவும் இலக்கை ஒளிரச் செய்வதில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துப்பாக்கி எங்கே நோக்கியிருக்கிறது என்பதைப் பச்சைப் புள்ளி காட்டும். எதிரே நிற்பவர் யார் என்பதைக் காட்டாது. அதிகாலையில் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வேலைக்குப் புறப்படுபவரும், முதல் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் இறங்கும் பிள்ளையும் இருட்டில் வெறும் உருவமாகவே தெரிவார்கள். ஆகவே நல்ல கைவிளக்குக்கே முதலிடம் கொடுங்கள். அந்த விளக்கைத் துப்பாக்கியிலிருந்து தனியாக வைத்திருங்கள். துப்பாக்கியோடு பிணைத்த விளக்கால் ஆளைத் தேடினால், குழலும் அவர் மீதே திரும்பும். நுவரெலியா, அம்பேவளைப் பக்கத்துப் பனிமூட்டத்தில் கண்ணருகே பிடித்த பிரகாசமான விளக்கின் ஒளி நம் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். விளக்கை இடுப்புக்குக் கீழே, உடலுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். அறை வெளிச்சத்திலிருந்து வெளியே வந்தவரின் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் கைப்பேசியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் பெருமளவு கலைந்துவிடும். குளிருக்காக மூக்குவரை மப்ளரைச் சுற்றுபவர்களின் மூச்சு மேலேறிக் கண்ணாடியை மறைக்கும். மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டுவது ஒன்றே வழி.

நீரிழிவு உள்ளவர்களும், வெண்புரை தொடங்கியவர்களும் எந்தக் குறிமுனைக்கும் பணம் செலவழிக்கும் முன் கண் வைத்தியரைப் பார்க்க வேண்டும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொல்பவருக்கு ஒளிப்புள்ளியைச் சுற்றியும் அதே வளையம்தான் தெரியும். கை நீளக் கண்ணாடிக்காக என்னைப் போன்றவர்களிடம் வரும்போது துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். குண்டுகளை அகற்றி, துப்பாக்கியின் குண்டறை காலியாக இருப்பதை உறுதிசெய்து, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணோரத்திலிருந்து முன்முனை வரையுள்ள தூரத்தை இன்னொருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்துத் தையல் நாடாவால் அளந்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வந்தால் போதும்.