641 உடைத்த எண்

4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண் என்றே 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார்.

நம்பக் காரணம் இருந்தது. 2, 4, 16, 256, 65536 என்று வர்க்கம் எடுத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். ஆறாவதாக வருவது 2³²+1, அதாவது நம் எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்பது ஃபெர்மாவின் கணிப்பு.

1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். 641 × 6700417 = 4294967297.

கணினி இல்லாத காலத்தில் 641-ஐ எப்படிப் பிடிப்பது? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 116-ஆவது முறைதான் 641 வரும். ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழி இதைவிட எவ்வளவோ குறுக்கு.

p என்ற பகா எண் 2³²+1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ p-ஆல் வகுக்க மீதி −1 (1 கூட்டினால் சரியாக வகுபட்டுவிடும் என்று பொருள்). வர்க்கம் எடுத்தால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆக, 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் 64 படிகளில் ஒரு சுற்று முடிக்கின்றன. அதைவிடச் சின்னச் சுற்றாக இருந்தால் 32-ஆம் படியிலேயே 1 வந்திருக்கும். அங்கே வந்ததோ −1. இன்னொரு பக்கம், p ஒற்றைப்படைப் பகா எண் என்றால் p−1-ஆம் படியிலும் மீதி 1 வந்தே தீரும். எனவே p−1 என்பது 64-இன் மடங்கு. இந்தக் கடைசிப் படிக்கு உதவிய தேற்றம் ஃபெர்மாவுடையதே! அவர் கணிப்பை உடைக்கும் கருவி அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

சரி, 64-இன் மடங்குகளோடு 1 கூட்டினால் கிடைக்கும் பகா எண்கள் எவை? 193, 257, 449, 577, 641. ஐந்தே முயற்சி.

எனக்கு மிகவும் பிடித்தது, வகுக்காமலே இதைச் சரிபார்க்கும் வழி. 641 = 5×2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5×2⁷-இன் மீதி −1. அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸-இன் மீதி 1. அதே 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்புறம் 2³²+1-இல் மீதி ஏது? பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை, பாருங்கள்.

நம் எண்ணிலிருந்து 2 குறைத்தால் வரும் 4294967295-உம் லேசுப்பட்டதல்ல. அது 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களும் அதற்குள் இருக்கின்றன. அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து வரையமுடியும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானவை) இத்தனை பக்கம் கொண்டதுதான் மிகப் பெரியது. ஜெர்மன் கணிதர் காஸ் தொடங்கிவைத்த கணக்கு அது.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை சிக்கவில்லை. 2-இன் அடுக்கில் 2⁵ முதல் 2³² வரை வைத்துப் பார்த்த எல்லாமே பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அடுக்கு 2³³ ஆகும்போது வரும் எண்ணுக்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.