ஆனைக்கொசு கடிக்குமா?

ஐப்பசி அடைமழை பிடித்த இரண்டாம் நாள் ராத்திரி. கூடத்துச் சுவரில், டியூப்லைட்டுக்கு ஒரு சாண் கீழே, அது வந்து ஒட்டிக்கொண்டது. உடம்பு நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். கால்களை விரித்து வைத்தால் உள்ளங்கை கொள்ளாது. "ஆனக்கொசுடா. கடிச்சா ஆனக்கால் வந்துடும்" என்று அப்பாயி சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா கொசு பேட்டோடு வந்துவிட்டார். பட்டென்று ஒரு பொறி. கீழே விழுந்ததை நான் எடுத்துப் பார்த்தபோது ஆறு காலில் மூன்றுதான் மிச்சம்.

அப்பாயியின் பயத்தில் நியாயம் உண்டு. கும்பகோணம் என்றாலே வெற்றிலைக்கு அடுத்தபடி யானைக்காலைச் சொல்லிக் கேலி பேசிய காலத்து மனுஷி. ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போனதை இன்னும் சொல்வார். அந்த நோயின் நுண்புழு பகலில் உடம்பின் உள்ளே பதுங்கிவிட்டு, ராத்திரியில்தான் தோலருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் அந்த அகால வேளை. ஆனால் அதைப் பரப்புவது க்யூலெக்ஸ் என்கிற சின்னப் பழுப்புக் கொசு. சாக்கடையில் முட்டையிட்டு, நம் காதோரம் ரீங்காரமிடுகிறதே, அதுதான். கொசுவுக்கும் யானைக்காலுக்கும் உள்ள தொடர்பை 1877-இல் சீனாவில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததற்கு இந்த வழக்கில் சம்பந்தமே இல்லை. உருவத்தைப் பார்த்து யாரோ 'ஆனை' என்றார்கள். கேட்டவர்கள் காதில் அது காலாக விழுந்துவிட்டது.

அதற்குக் கடிக்க வாயே கிடையாது. கொசுவுக்கு இருக்கும் ஊசிபோன்ற உறிஞ்சுகுழல் இதற்கு இல்லை. வளர்ந்த பூச்சி சில நாட்கள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் இணை தேடி முட்டையிட வேண்டும். சில இனங்கள் கொஞ்சம் தேன் குடிக்கும், பல இனங்கள் எதையுமே தின்பதில்லை. பெண் பூச்சியின் வால் நுனி கூராக இருப்பதைப் பார்த்துக் கொடுக்கு என்று நினைப்பார்கள். ஈரமண்ணைக் குத்தி முட்டை வைக்கும் உறுப்பு அது. முட்டையிலிருந்து வரும் புழு வாய்க்கால் ஓரச் சேற்றிலும் மட்கிய இலையிலும் கிடந்து வளரும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே பூச்சிக்குக் 'கொசுப் பருந்து', 'கொசுத்தின்னி' என்று பெயர். நாம் கடிக்கும் என்கிறோம், அவர்கள் கொசுவைத் தின்னும் என்கிறார்கள். வாய் இல்லாத ஜீவனுக்கு இரண்டு பக்கமும் பழி, புகழ். பிரெஞ்சில் 'குஸான்' என்பார்கள். அந்த மொழியில் அத்தை மகன், சித்தப்பா மகனுக்கும் அதே சொல்தான். உறவுமுறை ஒன்றுமில்லை, கொசுவுக்கான லத்தீன் சொல் தேய்ந்து தற்செயலாக அப்படி வந்து நின்றது.

பெரிய குழப்பம் பிரிட்டனில். அங்கே இது 'நெட்டைக்கால் அப்பா'. அமெரிக்காவில் அந்தப் பெயர் எட்டுக்கால் கொண்ட, சிலந்தியும் அல்லாத வேறொரு பிராணிக்கு. இன்னும் சில இடங்களில் வீட்டு மூலையில் தொங்கும் ஒல்லிக்கால் சிலந்திக்கு. அந்தச் சிலந்திக்குக் கொடிய விஷம் என்றொரு கட்டுக்கதை உண்டு. பெயர் ஒன்றானதால் கதையும் நம் பூச்சியின் தலையில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான்.

நூல்வழக்கில் இதைக் 'கொக்கு ஈ' என்கிறார்கள். எனக்குப் பிடித்த பெயர் இதுதான். உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னாலேயே நடக்கும் கொக்கைப் பார்த்தவர்களுக்குக் கால் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். 'ஈ' என்பதும் சரி, இதற்கு இரண்டே சிறகு. மற்றப் பூச்சிகளின் பின்சிறகு இருக்கும் இடத்தில் இதற்குக் குண்டூசிபோல இரண்டு சின்னத் தடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈக்கும் கொசுவுக்கும் உண்டு, ஆனால் வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. கொக்கு ஈயில் பளிச்சென்று தெரியும்.

இந்தத் தடிக்கு 'ஹால்டியர்' என்று பெயர். கிரேக்கர்கள் நீளம் தாண்டும்போது கையில் பிடித்த எடைக்கட்டையின் பெயர் அது. பறக்கும்போது சிறகு மேலே போனால் தடி கீழே, சிறகு கீழே வந்தால் தடி மேலே. இது என்ன வேலை? டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு தூக்குவாளியை முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். பஸ் வளைவில் திரும்பும்போது வாளி பழைய திசையிலேயே போகப் பார்க்கும். உங்கள் மணிக்கட்டில் குறுக்காக ஓர் இழுப்பு விழும். கண்ணை மூடியிருந்தாலும் பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்று மணிக்கட்டு சொல்லிவிடும். பூச்சியின் உடம்பு காற்றில் சாயும்போது தடியின் அடியில் அதேபோல் இழுப்பு விழுகிறது. அங்கே இருக்கும் நுண்ணிய உணர்குழிகள் அதைப் பிடித்து, நரம்பு வழியாகச் சிறகுத் தசைக்கும் கழுத்துக்கும் உடனே அனுப்பிவிடும். 1700-களின் தொடக்கத்திலேயே வில்லியம் டெர்ஹாம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்தத் தடிகளை வெட்டிப் பார்த்து, பூச்சி நிலைதடுமாறுவதை எழுதிவைத்தார். உள்ளே நடக்கும் கணக்கை 1948-இல் பிரிங்கிள் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் விளக்கினார்.

இத்தனை நுட்பமான கருவி இருந்தும் ஏன் இப்படித் தள்ளாடித் தள்ளாடிப் பறக்கிறது என்று கேட்கலாம். அத்தனை நீளக் காலைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமே! அந்தக் காலும் நிரந்தரமில்லை. பல்லியோ சிலந்தியோ பிடித்தால், தொடைக்கு மேலே தயாராக இருக்கும் ஒரு மூட்டில் கழன்றுவிடும். பல்லியின் வாலாவது திரும்ப முளைக்கும். இதற்குப் போனது போனதுதான். சித்தப்பாவின் பேட்டுக்கு முன்பே அந்த மூன்று கால் போயிருக்கவும் கூடும்.

உலகில் இதில் 15,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. சார்லஸ் அலெக்ஸாண்டர் என்ற ஒரே மனிதர் 11,000-க்கும் மேல் பெயர் வைத்தார். இதன் பேரினமான 'டிப்யூலா'வுக்குப் பெயர் கொடுத்தவர், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758-இல். லத்தீனில் அந்தச் சொல் குறித்தது வேறு பூச்சியை: காவிரிப் படித்துறையில் தண்ணீர்மேல் கால் நனையாமல் வழுக்கிப் போகுமே, அந்த வகையை.