காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய்: எங்கே சிக்கிக்கொள்கிறது?

காசநோய் என்று உறுதியான எல்லோருக்கும், சத்தாகச் சாப்பிட மாதம் 1,000 ரூபாய் தருகிறது மத்திய அரசு. நிக்‌ஷய் போஷண் யோஜனா என்று பெயர். 2018-இல் 500 ரூபாயில் தொடங்கி, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. ஆறு மாத சிகிச்சைக்கு மொத்தம் 6,000. முதலில் 3,000, மருந்து 84 நாள் ஆனதும் மீதி 3,000.

இதற்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். நுரையீரலில் வந்தால்தான் பணம் என்பதும் தவறு. கழுத்துக் கட்டி, முதுகெலும்பு என்று எங்கே வந்தாலும் உண்டு.

அதிகம் ஏமாறுவது தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்கும் இந்தப் பணம் உண்டு, டாக்டரை மாற்றவும் வேண்டாம். ஆனால் நோயாளி விவரத்தை அரசுக்குப் பதிவு செய்தால்தான் வரும். 2012-இலிருந்தே இந்தப் பதிவு கட்டாயம். 2018-இல் வந்த அரசிதழ் அறிவிப்புப்படி, பதிவு செய்யாத டாக்டர் மீது வழக்கே போடலாம். அப்படியும் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். "பதிவு பண்ணியாச்சு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். நிக்‌ஷய் எண்ணை எழுதி வாங்குங்கள்; பதிவானதும் நோயாளிக்குக் கிடைக்கும் எண் அது. எண் இல்லையென்றால் அரசுக் கணக்கில் நீங்கள் நோயாளியே இல்லை.

அப்புறம் வங்கி. பாதிப் பணம் இங்கேதான் நிற்கிறது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தாலே சிக்கல் வரலாம். பழைய பாஸ்புக் இன்னொரு ஆபத்து. சிண்டிகேட் வங்கி கனரா ஆகிவிட்டது, ஆந்திரா வங்கி யூனியன் வங்கி ஆகிவிட்டது. வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி எண் பழையதாக இருந்து, அதைக் கொடுத்தால் பணம் வராது. வருடக்கணக்கில் தொடாத கணக்கும் முடங்கிக் கிடக்கும். ஆகவே பாஸ்புக் நகல் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சொந்தக் கணக்கு இல்லாதவர் ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்து, நெருங்கிய ரத்த உறவின் கணக்கைக் காட்டலாம். இதைப் பல இடங்களில் தாங்களாகச் சொல்வதில்லை.

பணம் வரவில்லையா? வங்கியில் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கை காட்டுவார்கள், ஆஸ்பத்திரியில் "மேலிருந்து வரணும்" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் அரைநாள் கூலி போவதுதான் மிச்சம். உங்கள் பகுதியில் அரசின் காசநோய்த் திட்டத்தைப் பார்க்கும் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரைப் பிடித்து ஒரே கேள்வி கேளுங்கள்: "என் கணக்கு கணினியில் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா? நிராகரித்திருந்தால் என்ன காரணம்?" காரணம் அங்கே திரையிலேயே தெரியும்.

வேலைக்காக ஊர் மாறினால் புதிய ஊரில் மறுபடி புதிதாகப் பதியாதீர்கள். பழைய எண்ணைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆள், ஒரே கணக்கு, இரண்டு எண் என்றானால் பணம் நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். பணம் வேறு, மருந்து வேறு. சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்; வங்கிக் கணக்கு சரியில்லை என்று யாரும் மாத்திரையை நிறுத்தி வைக்க முடியாது. நீங்களும் பணம் வராத கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் இருமல் போய்விடும், எடை ஏறும், "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அங்கே விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசின் மாத்திரையால், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி விடாமல் இருந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை உண்டு. நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கும் மாத்திரையும் இலவசம். முக்கியமாக ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், ஆஸ்பத்திரியில் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே அழைத்துப் போங்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத்தில் காசநோய்க்கென இருக்கும் துணை இயக்குநருக்கு மனு எழுதுங்கள். அதில் நிக்‌ஷய் எண், சிகிச்சை தொடங்கிய தேதி, இதுவரை வந்த தொகை மூன்றும் இருக்கட்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.