குளிர்நாட்டு ஜன்னலோரத்தில் மிளகாய் நாற்று

புதுச்சேரியில் நாற்றங்கால் நடத்தும் எங்களைப் போன்றவர்களிடம் மாசி, பங்குனி மாதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். பிரான்சில் குடியேறிய பிள்ளைகள் தொட்டியில் மிளகாய் விதை போட்டிருப்பார்கள். மூன்று வாரமாகியும் முளைத்திருக்காது. விதை கெட்டதா, மண் சரியில்லையா என்று இங்கிருக்கும் பெற்றோர் வந்து கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. மண்ணில் போதிய சூடு இல்லை, அவ்வளவுதான்.

மிளகாய் விதை நன்றாக முளைக்க, மண்ணின் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஏழெட்டு நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் முளை வந்துவிடும். 20 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க நாட்கள் நீளும். 15 டிகிரியை ஒட்டினால் விதை ஈரத்தில் ஊறிக் கிடந்து, முளைக்கும் முன்பே அழுகத் தொடங்கும். நம் கடலோரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், இந்தக் கணக்கைப் பற்றி நாம் யோசிக்கவே தேவைப்படுவதில்லை. அங்கோ, அறைக்குள் 20 டிகிரி இருக்கும்போதே, ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்த ஈரத் தொட்டியின் மண் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும். ஆகவே, சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பாமல், மண்ணுக்குள் செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை முதலில் வாங்கச் சொல்லுங்கள். விதைக்கும் குழித்தட்டின் அடியில் விரிக்கும் ஹீட் மேட் எனும் சூடேற்றும் விரிப்பு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியோடு சேர்த்தே வாங்கத்தக்கது. முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை என்பதால், வீட்டின் வெதுவெதுப்பான மூலை எதுவும் போதும். காந்தாரி, ஹபனேரோ போன்ற வகைகள் நல்ல சூட்டிலும் மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்வதுண்டு. பொறுமையிழந்து மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது.

முளை தலைகாட்டிய நாளிலிருந்து தேவை மாறிவிடுகிறது. இனி 20 டிகிரி சூடு போதும், வெளிச்சம்தான் போதாது. பிப்ரவரி மாதத்து மேகமூட்டமான பாரிஸ் ஜன்னலில் நாற்று ஒளியைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, தன் இலைகளையே தாங்க முடியாமல் சாய்ந்துவிடும். செடிக்கு ஒரு சாண் மேலே எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் தண்டு குட்டையாகவும் திடமாகவும் நிற்கும்.

பிள்ளைகள் அனுப்பும் படங்களில் நான் அதிகம் பார்ப்பது நாற்றழுகல் நோயைத்தான். விதையிலைகள் இரண்டும் பச்சையாகவே இருக்கும். வாட்டம் எதுவும் தெரியாது. ஆனால் மண்மட்டத்தில் தண்டு பழுப்பேறி, நனைந்த நூல்போல் மெலிந்து, நாற்று அப்படியே மடிந்து படுத்திருக்கும். இது மண்ணில் வாழும் பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சை, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகளின் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. அருகில் நிற்பவற்றையாவது காப்பாற்ற வேண்டுமானால் மேலே மூடிய பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, காற்றோட்டம் தந்து, மேல்மண் உலர்ந்த பிறகே அடியிலிருந்து தண்ணீர் ஏறும்படி செய்ய வேண்டும். நம் ஊரில் விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி எனும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்வது இதற்காகத்தான். வீட்டுத் தொட்டிக்கு, தோட்டத்து மண்ணைத் தவிர்த்து, தென்னை நார்க்கழிவு போன்ற புதிய வளர் ஊடகத்தைப் பயன்படுத்துவதே பெரும் பாதுகாப்பு.

விதை எங்கிருந்து வருகிறது என்பதையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் மிளகாய் பிள்ளைகள் வீட்டிலும் காய்க்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆயினும், 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தாவர நல விதிகளின்படி, தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் மிளகாய் விதையைப் பயணப் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. இதற்குத் தக்க காரணம் உண்டு. 2014-இல் இஸ்ரேலின் தக்காளிப் பண்ணைகளில் முதலில் காணப்பட்டு, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய பழச்சுருக்க வைரஸ் ஒன்று மிளகாயையும் தாக்குகிறது. அது விதையோடு ஒட்டிக்கொண்டு போகக்கூடியது. வந்துவிட்டால் மருந்தும் கிடையாது. மேலும், நம் ரகங்கள் நம் தட்பவெப்பத்துக்காகத் தெரிவு செய்யப்பட்டவை. கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பிஎல்ஆர் 1 ரகம் வடகிழக்குக் கடலோர மாவட்டங்களுக்கென்றே பரிந்துரைக்கப்படுவது. குறுகிய கோடையில் பழுக்க வேண்டிய செடிக்கு, அங்கேயே முறையாக விற்கப்படும் சீக்கிரம் காய்க்கும் ரகமே ஏற்றது. சமையலறை வற்றலிலிருந்து உதிர்த்த விதையையும் நான் பரிந்துரைப்பதில்லை. கடும் வெயிலில் காய்ந்து, மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த விதையின் முளைப்புத் திறன் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ விதைத்தால், நடவுக்குச் சரியான வயது மே நடுவில் வரும். உறைபனி கடைசியாக வரக்கூடிய நாட்கள் என்று நம்பப்படும், மே 11, 12, 13 ஆகிய பனிப் புனிதர்களின் நாட்கள் கழியும் வரை பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் மென்மையான செடிகளை வெளியே வைப்பதில்லை. அந்த வழக்கத்தைப் பின்பற்றுவது நல்லது. ஒரே இரவு உறைபனி மிளகாய்ச் செடியைக் கொன்றுவிடும். வெளியே நடுவதற்கு முன் பத்து நாட்கள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சற்றுக் கூடுதலாக என்று நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். இரவு வெப்பநிலை 12 டிகிரிக்குக் கீழே போகுமானால் உள்ளே எடுத்துவிடுவது நலம்.

தரையைவிடத் தொட்டியில் வளர்ப்பதையே நான் வலியுறுத்துகிறேன். மிளகாய் இயல்பில் பல்லாண்டுச் செடி. அக்டோபரில் உறைபனிக்கு முன் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து, கிளைகளைப் பாதிக்கு மேல் கவாத்து செய்து, இலைகளின் அடிப்புறத்தில் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவி, குளிர்காலம் முழுவதும் மிகக் குறைவாகத் தண்ணீர் விட்டு வைத்தால், மார்ச்சில் அதே தண்டிலிருந்து துளிர்விட்டு, புது நாற்றுகளைவிட முன்னதாகவே பூக்கும்.