தராசில் மூன்று இலக்கம் என்றால் பில்லிலும் மூன்று இலக்கம்

7.125 கிராம் வளையல், 7.8 கிராம் வளையல். எது கனம்? 125 பெரிய எண்ணாயிற்றே என்று முதல் வளையலைக் காட்டுகிறவர்கள் நகைக்கடையில் நிறையப் பேர்.

புள்ளிக்கு அடுத்த இடத்தில் வரும் 1 என்பது 100 மில்லிகிராம். அதற்கடுத்த இடத்தில் 10 மில்லி, மூன்றாவது இடத்தில் 1 மில்லி. ஒப்பிடும்முன் 7.8-ஐ 7.800 என்று பூஜ்ஜியம் நிரப்பி எழுதுங்கள். 800 மில்லிக்கு முன் 125 மில்லி எம்மாத்திரம்? சேதாரத்திலும் இதே கணக்குதான்: 8.25 சதவீதத்தைவிட 8.5 அதிகம்.

காசு கசிவது 'ரவுண்ட்' பண்ணும்போதுதான். எந்த இடம்வரை வேண்டுமோ, அதற்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். 5 முதல் 9 வரை இருந்தால் ஒன்று கூட்டுங்கள், 4 வரை என்றால் அப்படியே விடுங்கள். 6.245-ஐ ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 6.2. முதலில் 6.25, பிறகு 6.3 என்று படிப்படியாக ஏற்றுவது தவறு. 9 வரும் இடத்திலும் பலர் தடுமாறுவார்கள். ஆங்கிலேயர் சவரன் காசின் எடை 7.988 கிராம். ஒரு தசமத்துக்கு அது 8.0, 7.10 அல்ல. நம் பவுனுக்கு 8 கிராம் என்பதும் இந்தக் காசுக்கு ஒட்டிய முழு எண்தான்.

ஒரு பில்லைப் பார்ப்போம். மொத்த எடை 9.850 கிராம். கல் 1.25 காரட், ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் கல் எடை 0.250. நிகர எடை 9.600. சேதாரம் 12 சதவீதம் என்றால் 1.152. ஆக 10.752 கிராமுக்குத்தான் விலை போட வேண்டும். சேதாரத்தை 1.2 என்று எழுதினால் கூட்டுத்தொகை 10.8 ஆகிவிடும். 48 மில்லி கூடுதல். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 480 ரூபாய், அதற்கு மேல் வரி வேறு. எடையில் எங்கும் ரவுண்ட் வேண்டாம். கடைசியில் ரூபாயில் ஒரே ஒரு முறை போதும்.

பழைய நகை கொடுக்கும்போது கதை தலைகீழ். 12.468 கிராம் 12.46 என்று பில்லில் ஏறும். விதிப்படி ரவுண்ட் செய்தால் 12.47 வர வேண்டும். கடைசி இலக்கத்தை வெறுமனே வெட்டியதால் 8 மில்லி போயிற்று. வாங்கும்போது மேலே, கொடுக்கும்போது கீழே!

எல்லா வெட்டும் ஏமாற்று அல்ல. 22 காரட் தங்கத்தின் தூய்மையைக் கணக்கிட 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று நீளும். ரவுண்ட் செய்தால் 917, ஆனால் முத்திரையில் இருப்பது 916. அது தரத்துக்கு வைத்த பெயர், அதில் சண்டை போட வேண்டாம். தராசு 0.000 காட்டிய பிறகுதான் நகையை வைக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே தெரியும் மூன்று இலக்கமும் பில்லில் வராவிட்டால், பணம் கட்டும்முன் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.