‘அட்மிஷன் போடவும்’: ஒரு சீட்டின் கதை

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி. மூன்று நாளாகத் தூங்காத, நேற்று அரிவாளோடு அண்ணனை விரட்டிய இளைஞரை அண்ணனும் மாமாவும் ஆட்டோவில் பிடித்து வந்திருக்கிறார்கள். பாண்டி கோயிலுக்குப் போய் வந்தாகிவிட்டது. “எப்படியாவது உள்ள சேர்த்துவிடுங்க டாக்டர்” என்று அம்மா அழுகிறார். டாக்டர் ஊசி போட்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறார்: ‘மனநோய். அட்மிஷன் போடவும்.’

இன்றிரவு விபரீதம் நடக்கக் கூடாது, வீட்டார் கொஞ்சம் மூச்சு விடட்டும், குணமாகும்வரை ஆள் உள்ளே இருக்கட்டும். இதுதான் டாக்டரின் எதிர்பார்ப்பு. நியாயமானதுதான். ஆனால் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயின் பெயரை மட்டும் பார்த்து, ஆளின் சம்மதமில்லாமல் உள்ளே சேர்க்கக் கதவைத் திறப்பதில்லை. சமீபத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றாரா, பிறரை அடித்தாரா, மிரட்டினாரா, ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் கிடக்கிறாரா என்றுதான் கேட்கும். அதையும் இருவர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் மனநல மருத்துவராக இருப்பது கட்டாயம்.

சிக்கல் இங்கேதான். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள் ஊசி வேலை செய்திருக்கும். வார்டில் டியூட்டி டாக்டர் பார்ப்பது சாதுவாகத் தூங்கும் ஒரு பையனை. அரிவாளும் விரட்டலும் உசிலம்பட்டியிலேயே தங்கிவிட்டன. சீட்டில் இருந்தால்தான் அவை மதுரைக்கு வரும். ‘நேற்று மாலை அரிவாளோடு அண்ணனை விரட்டினார், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, காய்ச்சல் இல்லை, சர்க்கரை சரியாக இருக்கிறது, 7.50 மணிக்கு இந்த ஊசி, இந்த அளவு.’ இந்த நான்கு வரி ‘மனநோய்’ என்ற ஒற்றைச் சொல்லைவிடப் பெரிய உதவி. காய்ச்சல், தலைக்காயம், குடியைத் திடீரென்று நிறுத்தியது என்று எதுவும் ஆளை இப்படி ஆக்கலாம் என்பதால், அதைப் பார்த்தாயிற்றா என்ற தகவலும் முக்கியம்.

சரி, சேர்த்தாகிவிட்டது. எத்தனை நாள்? சம்மதமில்லாத முதல் சேர்க்கைக்கு உச்சவரம்பு 30 நாள். அதற்குள்ளும் 7 நாளுக்கு ஒருமுறை, சம்மதம் சொல்லும் திறன் திரும்பிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். பத்தாம் நாள் பையன் தெளிவாகப் பேசினால் அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு. “அதுக்குள்ள அனுப்பிட்டாங்களா!” என்று கிளினிக்கில் வருகிற சலிப்பு, சட்டம் ஒழுங்காக வேலை செய்வதால் வருவது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து போனதைப் பார்த்த தமிழ்நாட்டில், இந்தக் கெடுபிடி எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

அப்புறம், சீட்டின் அடியில் கிளினிக்கின் செல் நம்பரையும் எழுதிவிடலாம். டிஸ்சார்ஜ் ஆனதும் மாத்திரை கேட்டு அம்மா வந்து நிற்கப்போவது அதே மேசை முன்னால்தான்.